இருமல் அண்ணனுக்கு, மாத்திரை எனக்கு

அண்ணனுக்கு ஒன்றரை மாதமாக இருமல். இருமல் மருந்து இரண்டு பாட்டில் காலியாகிவிட்டது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். விடியும்போது தலையணை ஈரமாக இருக்கும். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டான். அப்போதும் எங்களில் ஒருவருக்கும் டிபி என்று தோன்றவில்லை. சளியை ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் வைத்ததும் அன்றே தெரிந்துவிட்டது. டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்பதையும் அதே பரிசோதனை சொல்லிவிட்டது. ஆறு மாத சிகிச்சை.

நோயாளிக்கு மருந்து கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாளே சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா அதற்குள் அண்ணனின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "தட்டுல வராதும்மா, காத்துல வர்றது. அந்த ஜன்னலைத் திறங்க முதல்ல" என்றார். வருஷக்கணக்கில் திறக்காத ஜன்னல் அது. கொண்டி துருப்பிடித்திருந்தது, சுத்தியலால் தட்டித்தான் திறந்தோம்.

அப்புறம் நோட்டைப் பிரித்தார். "தம்பி, கடைசி மூணு மாசத்துல உங்ககூட ஒரே ரூம்ல ரொம்ப நேரம் இருந்தவங்க யார் யாரு?"

நான், அம்மா, வேலையிடத்தில் பக்கத்து சீட்டுக்காரர். அதோடு நிறுத்திக்கொண்டான். வாரத்தில் நாலு நாள் ராத்திரி அவன் செஸ் விளையாடப் போகும் நண்பன் வீட்டைச் சொல்லவே இல்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். அந்த அக்காவுக்குப் பழகிப்போன காட்சி போலிருக்கிறது. "உங்க பேரைச் சொல்ல மாட்டோம். சின்னக் குழந்தை இருக்கிற வீடு ஏதாவது விட்டுப்போச்சா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் கிருமி சீக்கிரம் நோயாக மாறிவிடும், மூளை வரைக்கும் போகலாம் என்றார். நண்பனுக்கு ஒன்றரை வயதில் மகள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் போன் நம்பரைச் சொன்னான்.

எனக்கு மாண்டூ டெஸ்ட், டிபி கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்று தோலில் பார்ப்பது. முன்கையில் தோலுக்குள்ளேயே துளி மருந்து ஏற்றுவார்கள். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வந்து காட்ட வேண்டும். வேலை இருக்கிறது என்று நான் ஐந்தாம் நாள் போய் நின்றேன். அளக்க முடியாது என்று மறுபடியும் முதலிலிருந்து ஊசி. தப்பு என்னுடையதுதான். இரண்டாம் முறை சரியான நாளில் போனபோது, சிவப்பை விட்டுவிட்டு, பால்பாயிண்ட் பேனாவைத் தோல்மேல் மெதுவாக நகர்த்தி, தடிப்பில் முட்டி நிற்கிற இடத்தில் கோடு போட்டார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. நடுவில் ஸ்கேல் வைத்தால் 14 மில்லிமீட்டர். டிபி நோயாளியோடு இருந்தவர்களுக்கு 5 வந்தாலே கணக்கில் எடுப்பார்களாம்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கிருமி உள்ளே தூங்குகிறது, உங்களால் யாருக்கும் பரவாது என்றார் மருத்துவர். இப்படிப் பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் என்றைக்காவது நோயாக மாறும். "அப்போ தொண்ணூறு பேருக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?" என்று கேட்டேன். "ஆகாது. ஆனா அந்தப் பத்துல நீங்க இல்லைன்னு சொல்ல எங்கிட்ட டெஸ்ட் கிடையாது. ஆகுறவங்கள்ல பாதிப் பேருக்கு முதல் ரெண்டு வருஷத்துலயே ஆகிடும்" என்றார்.

அதனால் எனக்கும் தடுப்பு மாத்திரை. வாரம் ஒரு நாள், பன்னிரண்டு வாரம். ஐசோனியசிட், ரிஃபாபென்டைன், கூடவே நரம்பு மரத்துப்போகாமல் இருக்க பி6. உள்ளங்கையில் கொட்டினால் ஒரு குவியல். ஆரம்பிக்கும் முன் ஈரல் பரிசோதனை செய்தார்கள். மது கூடாது, கண் மஞ்சளானால் உடனே வரணும், கருத்தடை மாத்திரை போடுகிறவர்களுக்கு அது சரியாக வேலை செய்யாது, எல்லாம் சொன்னார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது பதறித்தான் போனேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது மாத்திரை விழுங்குவது அப்படி ஒரு சலிப்பு. போட்ட அன்று முழுக்கக் குமட்டும். ஏழாவது வாரம் வேண்டுமென்றே மறந்தேன். மறுநாள் காலை அந்த அக்கா போன். திட்டவில்லை. "இன்னைக்குப் போட்டுக்கலாமா?" என்றார். போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் அண்ணனின் சளியில் கிருமி இல்லை. அந்த வாரம்தான் அந்த நண்பன் எங்கள் வீட்டுக்கு வந்தான். "யாரோ பேர் குடுத்திருக்காங்கடா. பாப்பாவுக்குத் தடுப்பு மருந்து தர்றாங்க. யாருன்னு கேட்டா வாயே திறக்கலை" என்றான். அண்ணன் செஸ் போர்டை எடுத்து, காய்களை ஒவ்வொன்றாக அடுக்கி முடித்துவிட்டு, "நான்தான்" என்றான்.