புளியங்கொட்டைக் கணக்கு

16 ஜூன் 2025, திங்கள்

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. சேலத்தில் குகை என்கிற பேட்டைப் பக்கம் உள்ள எங்கள் சிறப்பு வகுப்பில் இந்த வருடம் 11 பிள்ளைகள். அவர்கள் பெயரை வெளியே எழுதுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக வந்த ஒன்பது வயதுப் பையனை இங்கே ‘கொலுசு’ என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர். பையனுக்குப் பேச்சு மூன்று சொல்தான்: ம்மா, தா, போ.

இன்று சிலேட்டு மூன்று முறை பறந்தது. ஒருமுறை ஆயாம்மாவின் தோளில் பட்டு, அவர் வலியை மறைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று முறையும் அவனை வராந்தாவில் கொண்டுபோய் உட்காரவைத்தோம். மூன்றாவது முறை எறிவதற்கு முன்னால் கையை ஓங்கிக்கொண்டே என் முகத்தை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இல்லை அதில். பஸ் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறவர்கள் டிரைவரைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

18 ஜூன், புதன்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டேன். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் மதிப்பெண்ணுக்காக எழுதியது. இப்போதுதான் பிழைப்புக்காக எழுதுகிறேன்.

இரண்டு நாளில் 9 எறிதல். அதில் 7, பென்சிலும் கோடு இழுக்கும் தாளும் மேசைக்கு வந்த உடனே. மூன்றாவது பத்தியில் ஒன்பது வரியிலும் ஒரே சொல்: வராந்தா.

சரி, வராந்தாவில் என்ன இருக்கிறது என்று நானே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நல்ல காற்று. எதிர்ச் சந்தில் ஒரு பட்டறை. கொலுசு மணிகளைத் தட்டில் கொட்டி அளக்கிற சத்தம் மழை மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. ஆயாம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன் கண்ணு இப்படிப் பண்றே” என்று தலையைத் தடவுகிறார். தாள் இல்லை, பென்சில் இல்லை, நான் இல்லை. தண்டனை என்று நினைத்து, நாங்கள் இந்தப் பையனுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பரிசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். சிலேட்டுதான் அவனுடைய பஸ் டிக்கெட்.

பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் எதிர்மறை வலுவூட்டல். பெயரைப் பார்த்து அதைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் என் பயிற்சி வகுப்பிலேயே பாதிப் பேர். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வளர்கிறது, அவ்வளவுதான். தாள் விலகியது, எறிதல் வளர்ந்தது. நேர்மறை வலுவூட்டலில் பிடித்த ஒன்று வந்து சேர்வதால் செயல் வளரும். ஆயாம்மாவின் கை தலைக்கு வந்தது, எறிதல் இன்னும் வளர்ந்தது. இரண்டு உரமும் களைக்கே போயிருக்கிறது.

20 ஜூன், வெள்ளி

இன்று என்னையே கணக்கெடுத்தேன். மேசையில் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா. யாரையாவது அதட்டினால், ‘வேண்டாம்’, ‘உட்காரு’ என்று சொன்னால், சிவப்பு டப்பாவில் ஒரு கொட்டை. செய்ததைப் பார்த்து நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் பச்சையில் ஒன்று.

மதியச் சோற்று மணிக்குள் சிவப்பில் 41. பச்சையில் 6. அந்த ஆறிலும் நாலு, எப்போதும் ஜன்னலோரம் சத்தமில்லாமல் இருக்கும் சிறுமிக்கு. (அவளை ‘ஜன்னல்’ என்றே எழுதுகிறேன்.) கொலுசுக்குப் பச்சையில் ஒன்றுகூட இல்லை. நான் பொறுமைசாலி என்று வீட்டில் பேர் வாங்கியவள். ஆயாம்மாவிடம் காட்டினேன். “அதட்டாத நேரத்துல நீங்க மூச்சு வாங்குவீங்க மிஸ்” என்றார்.

1968-ல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூவர் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் இதைத்தான் சோதித்தார்கள். விதிகளை எழுதிப் படித்துக்காட்டியதால் மட்டும் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. தேவையில்லாததைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைக் கண்டவுடன் ஆசிரியர் வாயால் சொன்னபோதுதான் வகுப்பு மாறியது. என் வகுப்புச் சுவரில் 8 விதிகள் வண்ண அட்டையில் தொங்குகின்றன. கொலுசுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

24 ஜூன், செவ்வாய்

பரிசு எது என்று முடிவு செய்கிற உரிமை நமக்கு இல்லை. பிள்ளை எதற்காக இன்னொரு தடவை செய்கிறதோ, அதுதான் பரிசு. இதைத் தெரிந்துகொண்டே வருடா வருடம் செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டிக்கர் மொத்தமாக வாங்கி வருகிறேன்.

இன்று தரையில் பாய் போட்டு, இரண்டிரண்டாகப் பொருள்களை வைத்தேன். பொரி, பிஸ்கட், சோப்புக் குமிழி, பம்பரம், என் செல்போன். கொலுசு பொரியைத் தின்றான், குமிழியை ஒருமுறை பார்த்தான். செல்போனை எடுப்பான் என்று ஆயாம்மா பந்தயமே கட்டினார். கடைசியில் அவன் பையிலிருந்து விழுந்த ஒரு சின்னத் தகர டப்பாதான் ஜெயித்தது. அப்பா கொடுத்தது, உள்ளே மாதிரிக்கு வந்த பித்தளை மணிகள். காதோரம் வைத்துக் குலுக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்து, சத்தம் அடங்கும்வரை அசையாமல் இருந்தான். மறுபடி குலுக்கினான். 

27 ஜூன், வெள்ளி

கொலுசின் அப்பாவும், அம்மாவைப் பெற்ற அம்மாயியும் வந்தார்கள். அப்பாவின் விரல் நுனிகளில் சூட்டுத் தழும்பு. பேசும்போது கையை மடித்தே வைத்திருந்தார். திட்டத்தைச் சொன்னேன்: தாளில் ஒரே ஒரு கோடு, உடனே டப்பா அரை நிமிடம். அடுத்து இரண்டு கோடு. அதோடு ‘போதும்’ என்று ஒரு அட்டை. முடியவில்லை என்றால் எறிவதற்குப் பதில் அதை என் கையில் கொடுக்க வேண்டும், உடனே இரண்டு நிமிடம் வராந்தா. எறிதலுக்குக் கிடைத்துவந்தது இனி கேட்டால் கிடைக்கும். கார், டூராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-ல் எழுதிக்காட்டிய வழி இது. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை, அட்டையை மட்டும் காட்டினேன்.

அம்மாயிக்கு ஒப்பவில்லை. “புள்ளைக்கு லஞ்சம் குடுத்துப் படிக்க வெக்கறீங்களா டீச்சர்? அடியாத மாடு படியாதுன்னு எங்க காலத்துல சொல்வாங்க.”

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது என்று சொல்லியிருக்கலாம். சட்டம் பேசினால் அம்மாயி எழுந்து போய்விடுவார் என்று பட்டது. “காலையில இவன் பல்லு விளக்க மாட்டேன்னா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன். “வெளக்கிட்டு வந்தாத்தான் காப்பின்னு சொல்லுவேன்.” வெளக்குவானா? “ம், வெளக்காம!”

அதேதான் அம்மாயி. பிடித்ததை முன்னால் காட்டி, பிடிக்காததை முதலில் முடிக்கவைப்பது. டேவிட் பிரீமேக் என்ற உளவியலாளர் 1959-ல் இதைக் குழந்தைகளை வைத்து நிறுவினார். ஆனால் அந்தத் துறையிலேயே அதற்குச் செல்லப் பெயர் ‘பாட்டி விதி’. சொன்னேன். அம்மாயிக்கு வெட்கம் வந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

லஞ்சம் வேறு. கடையில் பிள்ளை உருண்டு அழும்போது அதை நிறுத்த மிட்டாய் கொடுத்தால், அது லஞ்சம்; அழுகைக்குக் கொடுத்த கூலி. வேலை முடிந்த பின்னால் சொன்னபடி கொடுப்பதைச் சம்பளம் என்கிறோம். அப்பாவுக்கு இது உடனே பிடிபட்டது. பட்டறையில் எடைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்.

2 ஜூலை, புதன்

ஒரு கோடு. ‘கோடு போட்டுட்டே!’ டப்பா. மறுபடி ஒரு கோடு. டப்பா. முற்பகல் முழுக்க இதே. சமத்து, குட் பாய் என்று பொதுவாகச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். எதற்குச் சமத்து என்று அவனுக்குத் தெரியாது. செய்ததையே சொல்கிறேன், கை மேசையை விட்டு விலகுவதற்குள் சொல்கிறேன். கொஞ்சம் தாமதித்தால் இடையில் மூக்கை நோண்டுகிறான். பாராட்டு அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

4 ஜூலை, வெள்ளி

மோசமான நாள். எறிந்தால் வராந்தா இல்லை என்று ஆனதும், 14 முறை எறிந்தான். சிலேட்டு, டிபன் மூடி, ஒரு செருப்பு. மேசைகளைத் தள்ளிப் போட்டு மற்றப் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்தோம். எறியக்கூடிய கனமான எதுவும் அவன் கைக்கு எட்டாமல் எடுத்தோம். கண்டுகொள்ளாமல் விடுவது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். அணையப்போகிற விளக்கு பெரிதாக எரியும் என்பது தெரிந்ததுதான். தெரிந்திருப்பது ஒன்று, செருப்பு காதோரம் போவது ஒன்று.

இங்கே பாதியில் இளகினால் எல்லாம் போச்சு. பத்துத் தடவை எறிந்து பதினோராவது தடவை வராந்தா கிடைத்தால், அடுத்த முறை பதினொன்றும் எறிவான். எப்போதாவது விழும் பரிசுதான் ஆளை விடாது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. எங்கள் பெரியப்பா இன்னும் நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்று மணிக்கு ஆயாம்மா அவன் கையைப் பிடித்து அட்டையை என் கையில் வைக்கவைத்தார். உடனே எழுந்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். இன்று அது ஒன்றுதான் பச்சை டப்பாவில் மனசாரப் போட்ட கொட்டை.

9 ஜூலை, புதன்

எறிதல் 3. அட்டை 6, அதில் இரண்டு தானாகவே.

ஆனால் இன்று எழுத வேண்டியது ஜன்னலைப் பற்றி. அவள் கரும்பலகையின் அடியில் தினமும் தானாகவே புள்ளி வைத்துக் கோலம் போடுவாள். போன மாதம் உற்சாகத்தில் நான் ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்தேன். முந்தாநாள் நட்சத்திரம் தீர்ந்துவிட்டது. நேற்றும் இன்றும் அவள் சாக்பீஸைத் தொடவே இல்லை.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைகளை வைத்துச் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. பிடிக்காத வேலைக்குத்தான் கூலி வேண்டும். அவளுடைய விளையாட்டை நான் வேலையாக்கிவிட்டேன். என்ன செய்வது என்று தெரியாமல், கடைசிப் பாடவேளையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே ஒரு கோணல் கோலம் போட்டேன். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு புள்ளியை விரலால் அழித்துத் தள்ளி வைத்தாள்.

17 ஜூலை, வியாழன்

ஆடி 1. சேலத்தில் இன்று தேங்காய் சுடாத தெரு கிடையாது. மகாபாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்கான வேண்டுதல் இது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது பொட்டுக்கடலையும் வெல்லமும் எள்ளும் அவலும் உள்ளே வெந்து ஒட்டிக்கொள்கிற நாள்.

நார் உரித்த தேங்காயை வழுவழுப்பாகும்வரை தரையில் தேய்க்க வேண்டும். ஆயாம்மா ஆளுக்கொன்று கொடுத்து வாசல் படியில் வரிசையாக உட்காரவைத்தார். கொலுசு முதல் தேய்ப்பிலேயே நின்றான். சிமெண்ட்டில் ஓடு உரசுகிற அந்தக் கரகரப்பு! காதைப் படியருகில் கொண்டுபோனான். மறுபடி தேய்த்தான். 20 நிமிடம், நான் கடிகாரம் பார்த்தேன், இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. தன்னுடையது முடிந்ததும் பக்கத்துப் பையனுடையதைப் பார்த்து, “தா” என்றான். அவன் கொடுத்தான். பிடுங்கவில்லை, எறியவில்லை, கேட்டு வாங்கினான். என் வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று சும்மா இருந்தேன். புளியங்கொட்டைக்கும் கை போகவில்லை.

மாலை கொலுசின் அப்பா வந்து தேங்காயின் கண்ணைக் குத்தி, பூரணம் அடைத்து, குச்சி செருகி, மஞ்சள் பூசிச் சுட்டார். நெருப்பருகில் பிள்ளைகளை ஒவ்வொருவராக, அவர் கைக்குள் வைத்துத்தான் குச்சியைப் பிடிக்கவிட்டார். கொலுசின் முறை ஐந்தாவது. காத்திருந்தான், இடையில் இரண்டு தடவை டப்பாவைக் குலுக்கிக்கொண்டான்.

18 ஜூலை, வெள்ளி

எல்லாருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது. பொரிக்கு வேலை செய்கிற மூன்று பிள்ளைகளும் இன்று பொரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்று அலுத்த பண்டம் பரிசு இல்லை. பாடம் பாதியில் நிறுத்திப் பம்பரம் விட்டோம்.

25 ஜூலை, வெள்ளி

இந்த வாரம் எறிதல் 2. இரண்டும் நான் விடுப்பில் இருந்த புதன்கிழமை. எனக்குப் பதிலாக வந்தவருக்கு அட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறான், தேடியிருக்கிறான், அப்புறம்தான் சிலேட்டு. அட்டை என் மேசை டிராயரில் பூட்டிக் கிடந்தது.

டப்பா இப்போது ஐந்து கோட்டுக்கு ஒருமுறை. ஜன்னல் நேற்று ஒரு கோலம் போட்டாள், சின்னது, என்னைப் பார்க்காமல். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மதியம் வரை சிவப்பில் 17, பச்சையில் 23. ஆயாம்மா இரண்டு டப்பாவையும் எடுத்து எடை பார்ப்பது போல் ஆட்டிவிட்டு, “சிவப்புல இருக்கறத நான் குழம்புப் புளியில போட்டுடவா மிஸ்?” என்றார்.

திங்கட்கிழமைக்கு: ‘போதும்’ அட்டை இன்னும் மூன்று லேமினேட் செய்ய வேண்டும். ஒன்று கதவில், அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில். ஒன்று வீட்டுக்கு. ஒன்று அப்பா பட்டறைக்குக் கேட்டிருக்கிறார்.