87 இடைவெளிகள்

நாங்கள் ஆண்டுதோறும் நடத்துவது ஒரு கதைப் பரிமாற்றம்: ஒருவர் கேட்கும் கதையை இன்னொருவர் எழுதிக் கொடுப்பார். ஒரு கதை வந்து சேர்ந்தபோது சொல் எண்ணி 913 காட்டியது. எங்கள் விதி குறைந்தது 1000 சொல். கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம். "இன்னும் 87 சொல் வேணும்" என்று அனுப்பினேன். "இனி எழுதினா பிள்ள செத்துப் போவும்லாக்கா" என்று பதில் வந்தது. அதற்கு நான் திருப்பி எழுதியது ஒரே வரி: "சேர்த்து எழுதினதையெல்லாம் பிரிச்சுப் போடுங்க, சரியாயிரும்." போன டிசம்பரிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னது சாக்கு இல்லை. கதையைப் பெறுபவர் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதிய கடிதத்தில் முதலில் இருந்தது கள்ளியங்காட்டு நீலி, பழிவாங்க வரும் பேய்ப்பெண். வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தான் பழிவாங்கவேண்டிய செட்டியின் பின்னால் நடக்கிறாள். ஊரார் முன்னால் பிள்ளை செட்டியை அப்பா என்கிறது. ஊர் நம்பி இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறது, அங்கே அவள் அவனைக் கொல்கிறாள். கடிதம் கேட்டிருந்தது, அந்தப் பிள்ளையின் பக்கமிருந்து ஒரு கதை. வேண்டாம் பட்டியலில் இரண்டே வரி: கொலையைக் காட்டக் கூடாது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

எழுதியவர் இரண்டையும் காப்பாற்றினார். அறைக்குள் போவதற்கு முன் நீலி பிள்ளையைத் திண்ணையில் இறக்கி வைக்கிறாள். அங்கே கதை முடிகிறது. அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் பூட்டிய அறை. அதையும் தாண்டினால் பிள்ளை மறுபடியும் கொம்பு. பெறுபவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தின் வாசலில் சரியாக நின்ற கதை அது. நின்ற இடத்தில் 913.

பரிமாற்றத்தை நடத்துகிறவர்களுக்கு இந்த இடம் தெரியும். விருப்பங்கள் எழுதுபவரைக் கட்டாது. மழை வேண்டும், பாட்டி வேண்டும் என்று கேட்டிருந்தால் வரலாம், வராமலும் போகலாம். கட்டுப்படுத்துபவை நான்கு: எந்தக் கதையுலகம், எந்தப் பாத்திரம், வேண்டாம் பட்டியல், குறைந்த அளவு. நான்கில் ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்பலாம். இங்கே மூன்றாவதை ஒருவர் மனதார மதித்ததாலேயே நான்காவது இடித்தது. எங்கள் விதித்தாளில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை.

இந்த 1000 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2003-இல் தொடங்கி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் இணையத்தில் நடக்கும் யூல்டைடு என்ற ரசிகர் கதைப் பரிமாற்றத்தில் குறைந்த அளவு 1000 சொல். அதைப் பார்த்துத் தொடங்கிய பல சின்னப் பரிமாற்றங்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டன. நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் அது பொருத்தமான அளவு: ஓர் ஆரம்பம், ஒரு திருப்பம், ஒரு முடிவு வைக்க இடமிருக்கும், வேலைக்குப் போகிறவர் நான்கைந்து இரவில் முடித்துவிடலாம். தமிழில் அதே எண் அதே அளவு இல்லை. 'போகாதவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ஆறேழு சொல்லாகும். அதனால் தமிழில் 1000 என்பது ஆங்கில 1000-ஐவிட நீளமான கதை. சேர்த்து எழுதுகிறவருக்கு இன்னும் நீளம். கதை அனுப்பியவர் நன்றாகச் சேர்த்து எழுதுகிறவர்.

எண்ணிக்குத் தெரிவது இடைவெளி மட்டும்தான். 'பார்த்துக்கொண்டேயிருந்தது' என்றால் ஒன்று, 'பார்த்துக் கொண்டே இருந்தது' என்றால் மூன்று. 'தூக்கிக்கொண்டாள்' ஒன்று, 'தூக்கிக் கொண்டாள்' இரண்டு. 'ஒன்றுமில்லை', 'என்றெண்ணி', 'வந்தபோது' எல்லாமே பிரித்தால் ஒவ்வொன்று கூடும். இணையத்தில் கிடைக்கும் சில எண்ணிகள் இன்னும் மோசம். கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தாக எடுக்காமல் அந்த இடத்திலேயே சொல்லை உடைத்து எண்ணி, இருப்பதைவிடப் பல மடங்கு காட்டும். எல்லோரும் ஒரே எண்ணியில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் விதி வைத்தது இதனால்தான்.

பிரிப்பதில் எல்லாம் பிழை இல்லை. துணைவினையைப் பிரித்து எழுதுகிற நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைகளும் அப்படி அச்சிடுகின்றன. பிரித்தால் கெடுகிற இடங்கள் தனி. 'அவள்தான்' என்பதை 'அவள் தான்' என்று பிரித்தால் வாசிப்பவர் ஒரு நொடி இடறுவார், 'தான்' அங்கே வேறு ஆளாக எழுந்து நிற்கும். அதனால் என் ஆலோசனை ஒரு நடைமுறை ஆலோசனைதான் என்று சில நாள் சொல்லிக்கொள்கிறேன். வேறு சில நாள் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன். 913-இல் இருந்தபோது வாக்கியம் மூச்சு விடாமல் ஓடும். இடுப்பில் இருக்கும் பிள்ளை காண்பது அது, ஆட்டம் நிற்காது. பிரித்த பிறகு நடை தட்டித் தட்டிப் போகிறது. எண்ணிப் பார்த்தேன். சரியாக 87 இடத்தில் பிரித்திருந்தார், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எண்ணி 1000 காட்டியதும் கையை எடுத்துவிட்டார்.

என் பக்க நியாயமும் இருக்கிறது. பரிமாற்றத்தில் பன்னிரண்டு பேர். டிசம்பர் 11-ஆம் தேதி ஒருவர் விலகினார், வீட்டில் சுகமில்லை. அவர் எழுதவேண்டிய கதையை மாற்றாளாக நின்றவர் வாங்கிக்கொண்டு, இரண்டே இரவில் 1180 சொல் எழுதிக் கொடுத்தார், அதுவும் தனக்கு அதிகம் பழக்கமில்லாத கதையுலகத்தில். அவரிடம் கேட்ட 1000-ஐ இன்னொருவரிடம் கேட்காமல் விட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? நீலி கதையைப் பெறவேண்டியவரோ, வேறொருவருக்காக 2600 சொல் எழுதியிருந்தார். பரிமாற்றம் என்பது அன்பளிப்பு மட்டும் இல்லை. தான் கொடுத்ததற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தனக்கும் வரும் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை பேரும் பெயர் கொடுக்கிறார்கள். 913-ஐ விட்டால் அடுத்த ஆண்டு 870 வரும், அதற்கடுத்து 800. எல்லை எங்கே நகர்ந்தாலும் அதைப் பத்தால் தவறவிட ஒருவர் இருப்பார்.

ஆனால் எல்லையை நான் காக்கவில்லை. காத்ததாகக் காட்டினேன். கதையில் ஒரு சொல்கூட வளரவில்லை. விதி கேட்டது முழுக் கதை, முழுக் கதை 913-லேயே இருந்தது. விதியின் எண் கேட்டது 1000, அதை இடைவெளியால் நிரப்பச் சொன்னேன். மாற்றாளாக வந்தவருக்கு இது தெரிந்தால் எது அதிகம் வலிக்கும், 913-ஐ ஒத்துக்கொண்டதா, இதுவா? இதுதான் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அவரே தமிழ் எழுதுகிறவர், புரிந்துகொள்வார் என்று இன்னொரு சமயம்.

வேறு வழிகள் இருந்தன. நன்றாகப் பிழைதிருத்துகிற ஒருவர் கதையின் முடிவைத் தொடச் சொல்லியிருக்க மாட்டார், நடுவைக் காட்டியிருப்பார். 87 சொல் என்பது ஒரு பத்தி. கள்ளிக்கொம்பு பிள்ளையாகிறபோது பால் எங்கே போகிறது? ஒடித்த இடத்தில் வடிகிற கள்ளிப்பால் கண்ணில் பட்டால் எரியும், தோலில் பட்டால் புண்ணாகும். அந்தப் பாலையே உடம்பில் வைத்திருக்கிற பிள்ளையை ஊர்ப்பெண்கள் வாங்கி முத்தம் கொடுக்கிறார்கள் என்று ஒரு பத்தி கேட்டிருக்கலாம். இது எனக்குத் தோன்றியது ஜனவரியில். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆறு கதை படிக்கவேண்டியிருக்கும்போது, 913 என்ற எண்தான் கண்ணில் நின்றது. அவர் பதிலில் சொன்னது கதையைப் பற்றி, நான் பதில் சொன்னது எண்ணுக்கு.

கெடுவை ஏன் அவ்வளவு நெருக்கி வைக்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எங்களுக்கு வேறு வழியில்லை. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும், அதுவரை பாதிப் பேர் பேனாவைத் தொடமாட்டார்கள். அதற்கு முன்னே வைக்கலாம் என்றால் வடகிழக்குப் பருவமழை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபிறகு மின்சாரம் வர எத்தனை நாளானது என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 24-ஆம் தேதி இரவு கதைகளைத் திறக்கவேண்டும், அதற்குப் பிந்தினால் குடில், கேரல், பள்ளி விடுமுறை என்று கையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே விலகக் கடைசி நாள் 11, கதை சேரவேண்டிய நாள் 17, படித்துச் சரிபார்க்க ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் எல்லாக் கதையையும் வேண்டாம் பட்டியலோடு ஒப்பிட்டுப் படிக்கவேண்டும்.

இணை சேர்ப்பதை மட்டும் அவசரப்படாமல் செய்வோம். கோயில் இளைஞர் கூட்டத்தில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டுக்குச் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கினால் கதைப் பரிமாற்றம் நிற்காது, நீலியே தெரியாதவர் கையில் நீலி போய்விடும். ஒவ்வொருவரும் மூன்று கதையுலகம் கேட்கவேண்டும், எழுத நான்கு ஒப்புக்கொள்ளவேண்டும். கேட்டதை எழுத ஆள் மிகக் குறைவாக இருக்கிறவரை முதலில் இணைக்கவேண்டும், எல்லோருக்கும் பொருந்துகிறவரைக் கடைசிக்கு வைக்கவேண்டும். தலைகீழாகத் தொடங்கினால் கடைசி இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பொருந்தாமல் நிற்பார்கள், முழுவதும் கலைத்துப் போடவேண்டிவரும். 2009-இல் பொதுவுக்குத் திறந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் இதைக் கணினியே செய்துதர வசதி உண்டு. பன்னிரண்டு பேருக்குத் தாளும் பென்சிலும் போதும். நீலியைக் கேட்டவர் ஒருவர், எழுத ஒப்புக்கொண்டவரும் ஒருவர்தான். அந்த இணையைத்தான் முதலில் போட்டேன். பென்சிலால் அந்தக் கோட்டை இழுத்தபோது இருந்த சந்தோஷத்தை இந்த வேலையின் கூலி என்பேன்.

அந்த 913-க்குப் பிறகு, சொல்லுக்குப் பதில் எழுத்தை எண்ணலாமே என்று ஒரு யோசனை வந்தது. இடைவெளியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எண்ணினால் பிரித்தாலும் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது, யாரும் யாருக்கும் இப்படி ஓர் ஆலோசனை சொல்லவேண்டியிருக்காது. செய்து பார்த்தால் அங்கேயும் சிக்கல். 'கொம்பு' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. 'நீலி' நமக்கு இரண்டு, கணினிக்கு நான்கு. எல்லோரும் ஒரே எண்ணியில் பார்த்தால் இது பெரிய தடையில்லை, ஆனால் எழுதுகிறவருக்குத் தான் எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று கைக்கணக்கு பிடிபடாது. பக்கக் கணக்கு வைத்தால் எழுத்துருவைப் பெரிதாக்குவார்கள். 850 சொல் என்று இறக்கிவிடலாம் என்பது இன்னொரு கருத்து. அப்படி இறக்கினால் அடுத்தவர் 780-இல் வந்து நிற்பாரே என்கிற அதே கேள்வி.

கதைகள் 24-ஆம் தேதி இரவு திறந்தன. எழுதியவர் பெயர் ஜனவரி 1 வரை மூடியிருக்கும். அந்த எட்டு நாள்தான் பரிமாற்றத்தின் உயிர், யார் எழுதியிருப்பார் என்று ஊகித்துக்கொண்டே படிப்பது. பெறுபவர் இரண்டாம் நாள் எனக்கு எழுதினார், எழுதியவருக்குச் சேர்க்கச் சொல்லி. பிள்ளையை இப்படி யாரும் காப்பாற்றிக் கொடுத்ததில்லை என்று தொடங்கியிருந்தார். நடுவில் ஒரு வரி: "அங்கங்க சொல்லு தேவையில்லாம பிரிஞ்சு கிடக்கு, அவசரத்துல தட்டச்சு செஞ்சிருப்பாவ போல, அடுத்த தடவ பாத்துக்கச் சொல்லுங்க." அந்தக் குறை எழுதியவருடையது இல்லை. அதைச் சொல்லியிருந்தால் 913-ஐச் சொல்லவேண்டும். சொல்லவில்லை. கடிதத்தைக் கதை எழுதியவருக்கு அப்படியே அனுப்பினேன்.

கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி இருந்தது. கதையின் கடைசி வரி முதலில் "பிள்ளையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டாள்" என்று இருந்தது. வைத்துவிட்டாள் என்றால் ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான். பிரித்த பிறகு "இறக்கி வைத்து விட்டாள்." வைத்தாள், பிறகு விட்டாள். நீலி அந்தப் பிள்ளையைக் கையை விட்டே விட்டாள், பழிக்கு அதை இனி இழுக்கமாட்டாள் என்று அந்த இடைவெளியில் படிக்கலாம். பெறுபவர் அப்படித்தான் படித்திருந்தார். "மத்ததெல்லாம் பிழைன்னு வச்சுக்கிடலாம். கடைசி வரியில உள்ள இடைவெளி வேணும்னே விட்டதா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் அழுதது அந்த எடத்துலதான்."

பிறகு அந்தக் கேள்வியை மட்டும் தனியாக எடுத்து, கதை எழுதியவருக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. இரவு பத்து மணிக்குமேல் வந்தது.

"ஆமான்னு சொல்லிருங்கக்கா."

சொல்லிவிட்டேன்.