பேச்சுவார்த்தை நோட்டீஸில் என்னென்ன இருக்க வேண்டும்?

நிர்வாகத்தோடு சம்பளப் பேச்சுவார்த்தை முடிந்ததும் தொழிற்சங்கம் "பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது" என்று மட்டும் தகவல் பலகையில் ஒட்டினால், அன்று மாலைக்குள் ஆளுக்கொரு வதந்தி கிளம்பிவிடும். சங்கம் கேட்டது, நிர்வாகம் சொன்னது, கையெழுத்தானது, இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் சதவீதத்தில்தான் வரும். "10% உயர்வு" என்றால் எதன் மீது? அடிப்படைச் சம்பளம் 20,000, மொத்தம் 32,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை மீது 10% என்பது 2,000. மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது 6.25% தான். சம்பளச் சீட்டைப் பார்த்ததும் உறுப்பினருக்கு ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும்; கோபம் சங்கத்தின் மேல் திரும்பும். அதனால் சதவீதத்தோடு தொகையையும் போடுங்கள். எந்தத் தேதியிலிருந்து அமல், நிலுவைத் தொகை எந்த மாதச் சம்பளத்தில் வரும், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டா என்பதும் தெளிவாக இருக்கட்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

உடன்பாட்டை ஏற்பதா என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு இருந்தால் தேதி, இடம், நேரம் மூன்றும் வேண்டும். இரவு ஷிப்டுக்காரர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். தூக்கம் கெட்டு யாரும் பகலில் திரும்பி வரமாட்டார்கள்.

ஒட்டிய தேதியும் செயலாளர் கையெழுத்தும் கட்டாயம். பழைய நோட்டீஸை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். இரண்டிலும் ஒரு பிரதி கோப்பில் இருக்கட்டும், பின்னால் தகராறு வந்தால் கேட்பார்கள்.