நான்கு பந்துப் பொறுமை

2019 ஜூன், அமெரிக்காவின் ஒமாஹா நகரம். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக அணியிடம் 4-1 தோல்வி. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் பயிற்சியாளர் மைக் மார்ட்டினின் 40 சீசன் அதோடு முடிந்தது. அந்த வீடியோ இன்று ஃபீடில் வந்தது.

2,029 வெற்றி. ஒரு சீசனில்கூட 40-க்குக் கீழே இறங்கவில்லை.

கல்லூரி அணிகளின் தேசியக் கோப்பைக்கான கடைசிக் கட்டம், ஒமாஹாவில் நடக்கும் 'கல்லூரி உலகத் தொடர்'. அதற்கு 17 முறை. கோப்பை? பூஜ்யம்.

அவர் அணியின் பலம் பொறுமை. மோசமான பந்தைத் தொடாமல் விடு. அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போய், அடிக்காமல் விட்ட பந்துதான் 'பால்' (ball). நான்கு 'பால்' ஆனால் முதல் பேஸ் இலவசம்; ரன் எடுக்கச் சுற்ற வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது அது. இப்படி நிறையப் பந்து வீச வைத்தால், எதிரணியின் முதல் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதிலேயே 90 பந்தைத் தாண்டிவிடுவார். அடுத்து வருபவர் பெரும்பாலும் சுமார்தான்.

ஒமாஹாவில் இது அவ்வளவாக எடுபடாது. அங்கே வரும் பிட்சர்கள் சும்மா பேஸ் கொடுப்பதில்லை.

இன்னொன்று, இரண்டு தோல்வி என்றால் வெளியே. முதலிலேயே ஒன்று தோற்றால் குறைந்த நாளில் கூடுதல் ஆட்டம். 100 பந்து வீசிய கைக்கு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். மூன்றாவது, நான்காவது பிட்சர் தேறாவிட்டால் கதை முடிந்தது.

1986-இலும் 1999-இலும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். 1999-இல் மயாமியிடம் 6-5. ஒரே ரன்!

இதை வைத்து அவரை 'ஜெயிக்கத் தெரியாதவர்' என்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.