மழைக்கு முன் கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்வது எப்படி?

ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் கூரைக் கால்வாய் அடைபடுவதற்கு இலை மட்டும் காரணமில்லை. பிப்ரவரி, மார்ச்சில் உதிரும் இலை மட்கிச் சேறாகிவிடும். ஆகஸ்டு, செப்டம்பரில் காய் வெடித்து ரப்பர் கொட்டைகள் கூரையில் விழும். அவை உருண்டு போய், சேற்றோடு சேர்ந்து இறங்குகுழாயின் எல்போவில், அதாவது வளைவுத் துண்டில், இறுகிக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை கொட்டும்போது தண்ணீர் பின்பக்கமாக வழிந்து, கால்வாயைத் தாங்கும் பலகையையும் சுவரையும் ஊறவைக்கும். அதனால் மலேசியாவில் சுங்கை சிப்புட், பஹாவ் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செப்டம்பர் கடைசிதான் தோதான நேரம். தீபாவளிக்குச் சாயம் அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சுவரில் கறுப்புக் கறை இறங்கும்.

ஏணியைக் கால்வாயின் மேல் சாய்க்கவே கூடாது, தகரம் நசுங்கி ஏணியும் வழுக்கும். சுவரில் சாய்த்து வையுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் அடி தள்ளி இருக்கட்டும். மின்கம்பி வீட்டுக்குள் நுழையும் மூலைக்கு அலுமினிய ஏணியைக் கொண்டுபோகாதீர்கள். பழைய லயத்து வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதன்மேல் ஏறவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ஓடு சட்டென உடையும், தூசி நுரையீரலுக்குக் கேடு.

எடுத்த எடுப்பில் ஹோஸைத் திறப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மேலே கிடக்கும் குப்பை முழுவதையும் அது குழாய்க்குள் தள்ளிவிடும். முதலில் குழாயின் வாயைத் துணியால் அடையுங்கள். அங்கிருந்து தொடங்கி எதிர்முனை நோக்கிச் சேற்றை வாளியில் அள்ளுங்கள். சமையல் எண்ணெய்ப் போத்தலைச் சாய்வாக வெட்டினால் நல்ல கரண்டி கிடைக்கும். தடித்த கையுறை கட்டாயம். தகர விளிம்பு கிழிக்கும், சேற்றுக்குள் பூரானும் இருக்கலாம். அள்ளிய பிறகு உட்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேயுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஈரம் காய்ந்த பக்கச் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும்.

துணியை எடுத்துவிட்டு, எதிர்முனையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய் வழியே லோங்காங்குக்கு (வடிகாலுக்கு) அது தடையின்றி ஓட வேண்டும். அடைத்திருந்தால் மேலிருந்து கம்பியால் குத்தாதீர்கள், அடைப்பு இன்னும் இறுகும். கீழிருந்து ஹோஸை நுழைத்துத் தண்ணீரை மேல்நோக்கி அடியுங்கள். பசை போடாத எல்போ என்றால் கழற்றித் தட்டினாலே கொட்டைகள் விழுந்துவிடும்.

தண்ணீர் எங்கேயாவது தேங்கி நின்றால் அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே தாங்கிக் கொக்கி தளர்ந்திருக்கும். பத்தடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். நம் ஊர் மழைக்கு அரை அங்குலம் இருந்தால் நல்லது. ஊறிப்போன பலகையில் ஆணி நிற்காது. நல்ல மரம் கிடைக்கும் இடத்துக்குக் கொக்கியை நகர்த்தி ஸ்குரூ போடுங்கள்.

இணைப்பு ஒழுகினால் கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, உட்பக்கம் சிலிக்கோன் பூசுங்கள். ஹார்ட்வேர் கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் புளிச்ச வினிகர் வாடை அடிக்கும் வகை. அது துத்தநாகப் பூச்சை அரிக்கும். ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்கி, பூசியபின் ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.