பேர் போட்ட நாள்

சிலோனில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒரு நாள் கூலியை 'பேர்' என்றுதான் சொல்வோம். விடியும் முன் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பெயரைக் குறித்துக்கொள்வார். சொன்ன றாத்தல் எடைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். சாயங்காலம் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "பேர் போட்டாங்களா?" என்பதுதான். நீலகிரிக்கு வந்த பிறகு பல வருஷம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை.

நாங்கள் வந்தது 1974இல். எனக்கு 12 வயது, தம்பிக்கு 6. 1964 அக்டோபரில் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, எங்களைப் போல இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்திருந்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டவர்தான். அதில் அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1973, 74இல் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் ஆட்கள் பசியில் செத்துப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கிழவியை ஒரு வாரம் மரவள்ளிக்கிழங்குத் தோலை வேகவைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் அவர் இல்லை.

ஹட்டனில் ஏறிய ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். அப்பா கொண்டுவந்த சாமான்களில் அவர் கையைவிட்டு இறக்காதது ஒரு துணிச்சுருள். உள்ளே அவருடைய கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுகிற கத்தி. நிறையத் தீட்டித் தீட்டி அலகு மெலிந்து, பிடி மட்டும் அவர் உள்ளங்கைக்குத் தகுந்த மாதிரி பள்ளம் விழுந்து இருக்கும். மலைநாட்டில் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு எங்கே போனாலும் சோறு உண்டு என்று நம்பினார்.

தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில், எங்கள் பிழைப்புக்கான உதவி வியாபாரக் கடன் என்று எழுதியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துக்கு வியாபாரம்! தாத்தாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்பதால் அங்கே அனுப்பினார்கள். வானம் பார்த்த பூமி, முகம் தெரியாத சொந்தம். கடன் பணம் தவணை தவணையாக வந்தது. ஒவ்வொரு தவணையிலும் ஒரு தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டார். மீதிப் பணத்தில் போட்ட பெட்டிக்கடை நாலு மாதம் ஓடியது. அவ்வளவுதான்.

நீலகிரியில் அத்தை குடும்பம் இருந்தது. அவர்களுக்கு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. எங்களை மாதிரித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை மூலம் அந்தத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். 1976இல் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. சேரம்பாடி, பந்தலூர், கோத்தகிரி என்று பல இடங்களில் காட்டை வெட்டித் தேயிலை நட்டது எங்கள் ஜனங்கள்தான். ஆனால் வந்தவர்கள் எல்லாருக்கும் அங்கே இடம் கிடையாது. எங்கள் அட்டையிலோ வியாபாரி என்று போட்டிருந்தது. அதனால் கேத்திப் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்களில் தினக்கூலிக்குப் போனோம்.

பார்க்க எல்லாம் மலைநாடு மாதிரியே இருந்தது. அதே மூடுபனி, அதே சரிவு. தேயிலையைக் கண்டதும் அம்மாவுக்குப் பாதித் துக்கம் போய்விட்டது. ஆனால் நாங்கள் பேசிய தமிழ் வேறு மாதிரி ஒலித்தது. கடையில் பாண் கேட்டேன், ரொட்டியைத்தான் அப்படிச் சொல்வோம், கடைக்காரருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஷூவைச் சப்பாத்து என்றதற்கு வகுப்பே சிரித்தது. எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இதை ஒரு நாள் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா என் தலையைத் தடவியபடி, "வயிறு ஒண்ணுதானே பாப்பா, சாப்பிடு" என்றார்.

அம்மாவுக்கு நாள் கூலி 3 ரூபாய், அப்பாவுக்கு 5. ஒரே வரப்பில் ஒரே கேரட்டைப் பிடுங்கினாலும் பெண்ணுக்கு இவ்வளவுதான். கேரட் வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும், அதனால் நடுராத்திரியே தொடங்கிவிடும். பனிக்காலத்தில் இலை விறைத்திருக்கும். தழையைப் பிடித்து இழுக்கும்போது விரல் முதலில் எரியும், அப்புறம் மரத்துப்போகும். மரத்துப்போன பிறகுதான் வேலை வேகமாக நடக்கும். அப்போது கழுவுகிற மெஷின் கிடையாது. ஓடையில் குவித்து, காலால் மிதித்து மிதித்துக் கழுவ வேண்டும். அம்மாவின் குதிகாலில் வெடிப்புகள் இருக்கும், அவற்றுக்குள் மண் ஏறிக் கறுத்திருக்கும். ராத்திரி அடுப்பங்கரையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியை உருக்கி அந்த வெடிப்பில் சொட்டுவிடுவார். நான் விளக்கைப் பிடித்துக்கொள்வேன். அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

கூலி குறைவு என்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். என்னை இன்றைக்கும் வேதனைப்படுத்துவது வேறு. அந்த வேலையில் நாங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மழை பெய்தால் கூலி இல்லை. கையில் அரிவாள் பட்டால் அன்றோடு வீடு. தோட்டத்துக்காரர்களில் நல்லவர்கள் உண்டு, தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் முப்பது வருஷம் அம்மா பிடுங்கிய கேரட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சேமநிதியோ பணிக்கொடையோ ஓய்வூதியமோ எதுவும் இல்லை. சிலோனில் எங்களைக் கசக்கிப் பிழிந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. அங்கே அப்பாவுக்குச் சேமலாப நிதி பிடித்தார்கள். இங்கே ஒருவர் வேலை செய்தார் என்பதற்கே சாட்சி இல்லை.

அப்பாவுக்கு வருஷத்தில் சில வாரங்கள் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து வேலை கிடைக்கும். அந்த நாட்களில் அவர் நடையே வேறாக இருக்கும். கத்தியை முதல் நாள் ராத்திரியே தீட்டி வைப்பார். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது அதுவும் நின்றுபோனது. பல சின்னத் தோட்டங்களில் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். கூலியாட்கள் குடும்பம் குடும்பமாகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். அப்பா இறங்க மறுத்துவிட்டார். "ரெண்டு தடவை மூட்டை கட்டியாச்சு, போதும்" என்றார். 2001இல் இறந்தார். கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது.

எங்கள் குடிசை சரிவில், புறம்போக்கில் இருந்தது. 2009 நவம்பரில் ஊட்டி, கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிந்து எத்தனையோ பேர் புதைந்துபோன அந்த ராத்திரி, அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். அம்மா தூங்கவில்லை. மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, அப்புறம் ஒரு வேலை அட்டை.

அந்த வேலை அட்டை வந்தது அதற்கு முந்தின வருஷம். நூறு நாள் வேலை அப்போதுதான் எங்கள் பக்கம் தொடங்கியிருந்தது. அறுபத்தெட்டு வயதில் அம்மா பதிவு செய்துகொண்டார். சாலையோரம் புதர் வெட்டுகிற வேலை, நாளுக்கு 80 ரூபாய். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் வந்து அட்டையை என் கையில் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தேதிக் கட்டத்தில் விரலை வைத்து, முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பேர் போட்டாங்க பாப்பா. சரியா பாத்துச் சொல்லு. முழுப் பேரா, அரைப் பேரா?"