அம்மா வீட்டுச் சமையலறையில் தீ: அதற்குப் பிறகு நாங்கள் செய்தவை

போன தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தபோது அம்மா வீட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரின் தோ பாயோவில் பழைய மூவறை வீடு. அம்மாவுக்கு வயது 72, தனியாக இருக்கிறார். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தவரை நான்தான் தொலைபேசியில் அழைத்தேன். மகளுக்கு எடுத்த பாவாடையைப் பற்றிச் சொல்லத்தான். அடுப்பைக் குறைத்துவிட்டோம் என்ற நினைப்பில் அம்மா கூடத்தில் வந்து உட்கார்ந்து பேசினார். பத்து நிமிடம் இருக்கும். "என்னமோ கருகுற வாடை வருதே" என்றவர் தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு எனக்குக் கேட்டது பாத்திரம் உருளும் சத்தமும், மலாயில் யாரோ கத்துவதும்தான்.

கத்தியது பக்கத்து வீட்டுச் சீன அன்ட்டி. அவரும் அம்மாவும் முப்பது வருடமாகச் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். புகை வாடை பட்டு வெளியே வந்தவர், அம்மா ஒரு செம்பு தண்ணீரோடு அடுப்பை நெருங்குவதைக் கம்பிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். "ஜங்ஙான்! துத்துப்! துத்துப்!" என்று அலறியிருக்கிறார். ஊற்றாதே, மூடு என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் அம்மா செம்பைக் கீழே போட்டார். கேஸை அடைத்து, சோற்றுப் பானையின் பெரிய மூடியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டே சட்டியின் மேல் தள்ளிவிட்டார்.

கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகிறது. ஆவியானதும் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை முகத்திலும் கூரையிலும் வாரி அடிக்கிறது. அம்மா அந்தச் செம்பை ஊற்றியிருந்தால் நான் இன்று வேறு எதையோ எழுதிக்கொண்டிருப்பேன். அன்ட்டியின் கணவர் அதற்குள் தீயணைப்பு அவசர எண் 995-ஐ அழைத்துவிட்டார்.

சட்டி அணைந்தது. ஆனால் சன்னல் திரையும் புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கும் பற்றிக்கொண்டன. அம்மா வெளியே வர வேண்டும். கம்பிக் கதவிலோ பூட்டு. சாவி படுக்கையறை ஆணியில். புகை கூடத்துக்கு வந்துவிட்ட பிறகு அவர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்திருக்கிறார். நடந்ததிலேயே மோசமான நிமிடம் அதுதான் என்று வந்த அதிகாரி பிறகு சொன்னார். எனக்கும் கனவில் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சாவிதான்.

தீயணைக்க வரும் குடிமைத் தற்காப்புப் படையின் ரெட் ரைனோ வண்டி முதலில் வந்தது. குறுகலான பேட்டைச் சாலைகளுக்காகவே செய்த சிறிய சிவப்பு வண்டி அது. பின்னாலேயே பெரிய வண்டியும் அம்புலன்சும் வந்தன. நான் பொங்கோலில் இருந்து போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. வெப்பத்தைக் காட்டும் கேமராவைச் சுவரில் நகர்த்தி, உள்ளே இன்னும் எங்காவது கனன்றுகொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகையைச் சுவாசித்ததால் அம்மாவை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒரு ராத்திரி வைத்திருந்து விட்டுவிட்டார்கள்.

கிளம்பும் முன் ஓர் அதிகாரி என்னை வாசலில் நிறுத்தி மூன்று விஷயம் காட்டினார். குரலில் கண்டிப்பில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லை. கதவுச் சாவி கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. வெளியே நடைபாதையில் செருப்பு அலமாரி, ஏழெட்டுப் பூந்தொட்டி, என் அண்ணன் மகனின் பழைய சைக்கிள். "குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு புகையில் குனிந்து வருகிறவருக்கு இந்தச் சைக்கிள் கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

முதலில் காப்புறுதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அது. வீவக, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீடு என்றால் தீக்காப்புறுதி தானாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். வீவகவிடம் வீட்டுக் கடன் இருக்கிறவரைதான் அது கட்டாயம். அப்பா கடனை அடைத்துப் பல வருடம் ஆகிறது. அதோடு அதைப் புதுப்பிப்பதும் நின்றிருக்கிறது, எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. இருந்திருந்தாலும் வீவக கட்டிக்கொடுத்த சுவர், தரை, கதவு போன்றவற்றுக்குத்தான் அது ஈடு தரும். நாம் போட்ட அலமாரிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் துணிமணிக்கும் தனியாக வீட்டுப் பொருள் காப்புறுதி எடுக்க வேண்டும். இப்போது இரண்டையும் எடுத்துவிட்டோம். கடன் முடிந்த பெற்றோர் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

செப்பனிடும் வேலையிலும் ஒரு தவறு நடந்தது. முதலில் வந்தவர் உருகிய கம்பியை வெட்டி, டேப் சுற்றி, பூச்சு பூசி மூடிவிட்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து வந்து சமையலறைக் கம்பி முழுவதையும் மாற்றச் சொன்னான். செலவு இரட்டிப்பானது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் கருவி. 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளிலும், தீப்பாதுகாப்பு தொடர்பான மாற்றங்கள் செய்யும் வீடுகளிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அம்மா வீடு அதற்கு வெகு காலம் முந்தியது என்பதால் யாரும் கேட்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. தூங்கும்போது புகை வாடை நம்மை எழுப்பும் என்று பலர் நம்புகிறார்கள். எழுப்பாது. தூக்கத்தில் மூக்கு அந்த வேலையைச் செய்வதில்லை, காதுதான் செய்யும். பத்து வருடம் மின்கலம் மாற்றத் தேவையில்லாத வகையாகப் பார்த்து வாங்கினேன். கம்பி இழுக்க வேண்டாம், கூரையில் இரண்டு திருகாணி போதும். சமையலறைக்குள் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அலறும் என்பதால், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கூடத்துக் கூரையில் பொருத்தினோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா சாம்பிராணி போட்டார். கருவி அலறியது. அன்ட்டி ஓடி வந்தார், எதிர் வீட்டு மலாய் அம்மா மக்சிக்கும் வந்துவிட்டார். "இதைக் கழற்றிப் போடு, சாமி கும்பிடவே விட மாட்டேங்குது" என்று அம்மா என்னை அழைத்துக் கோபித்தார். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் கருவி கூரையைவிட்டு இறங்கி அலமாரிக்குள் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். நான் அன்று மாலையே போனேன். சத்தத்தைச் சற்று நேரம் அடக்கி வைக்கும் பொத்தானைக் காட்டினேன். தூபக்காலைக் கருவிக்குக் கீழே நின்று சுற்றாமல், சன்னலைத் திறந்துவிட்டு அதன் பக்கம் சுற்றச் சொன்னேன். இரண்டு வாரம் முணுமுணுத்தார். பிறகு பழகிவிட்டது.

சாமி மாடம் என்ற பேச்சு வந்ததால் அதையும் சரிசெய்தோம். குத்துவிளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் சரிகைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தோம். விளக்கைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தோம். கோயிலுக்குக் கிளம்பும் முன் விளக்கை மலையேற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எரியும் விளக்கை நாமே குளிர வைப்பது அம்மாவுக்கு மனசுக்கு ஒப்பவில்லை. "நீங்கள் திரும்பி வந்து மறுபடியும் ஏற்றினால் சாமிக்கு இரண்டு தரம் விளக்கு" என்றாள் என் மகள். அது எடுபட்டது.

நடைபாதைதான் கடைசிவரை இழுத்தது. குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. அளவுநாடாவைப் பிடித்துக் காட்டினேன், எண்பது சென்டிமீட்டர்தான் இருந்தது. சைக்கிளும் செருப்பு அலமாரியும் ஒரே நாளில் போய்விட்டன. தொட்டிகளைத் தொட அம்மா விடவில்லை. துளசியும் கறிவேப்பிலையும் அப்பா வைத்தவை. அதை நான் எப்படிக் குப்பை என்று சொல்வேன்? கடைசியில் துளசியைக் கூடத்துச் சன்னலுக்குள் கொண்டுவந்தோம். கறிவேப்பிலையைப் புளோக்குக்குக் கீழே உள்ள குடியிருப்பாளர் தோட்டத்தில் கேட்டு ஓர் இடம் வாங்கி நட்டோம். அங்கே அது நன்றாகத் தழைத்திருக்கிறது, அன்ட்டியும் பறித்துக்கொண்டு போகிறார்.

ஒரு நாள் அம்மா தானாகவே பேசினார். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ கம்பம், அதாவது ஓலைக் கூரைக் குடிசைகள் நிறைந்த குடியிருப்பு, எரிந்த அன்று அவருக்கு எட்டு வயது, தியோங் பாரு பக்கம் குடியிருந்தார்கள். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறார். நான்கு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகுதான் வீவக அடுக்குமாடிகள் வேகவேகமாக எழுந்தன. "அத்தாப்பு ஓலைக் கூரைதான் எரியும், கல் வீடு எரியாதுன்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டேன்" என்றார். அவர் ஏன் சாவியை உள்ளறையில் மாட்டினார், ஏன் கருவியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நானும் குடிமைத் தற்காப்புப் படை பொதுமக்களுக்கு நடத்தும் பயிற்சிக்குப் போனேன். இதயத்தை அழுத்தி உயிர்ப்பிப்பது, தீயணைப்பானைக் கையாள்வது இரண்டையும் செய்து பார்க்க வைத்தார்கள். ஊசியை இழு, தீயின் அடியைக் குறிவை, பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. காகிதத்தில் படித்தபோது எளிதாக இருந்தது. கையில் எடுத்ததும் நான் தீயின் உச்சிக்கே அடித்தேன். ஒரு கிலோ உலர்தூள் அணைப்பான் சில நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அம்மா வீட்டுக்கு ஒன்று வாங்கி வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் முதலில் மூடிதான். தூளைப் பக்கத்தில் நின்று பீய்ச்சினால் எண்ணெய் சிதறும். மைரெஸ்பாண்டர் செயலியையும் இறக்கிக்கொண்டேன். அதன் வழியாக 995-ஐ அழைத்தால் நாம் இருக்கும் இடமும் சேர்ந்தே போய்விடும். அம்மாவுக்குச் செயலி சரிப்படாது. புளோக் எண், தெருப் பெயர், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும், அன்று அம்மாவுக்கு மறந்தது. சாவி இப்போது கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில், வெளியாள் கைக்கு எட்டாமல், உள்ளே இருப்பவர் இருட்டில் தடவினாலும் கிடைக்கிற உயரத்தில் தொங்குகிறது.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அம்மா துடைப்பக் கட்டையால் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்துகிறார். முன்கூட்டியே அன்ட்டியிடம் சொல்லிவிட்டுத்தான்.

இந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மாலை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன், எடுக்கவில்லை. அன்ட்டியை அழைக்கலாமா என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவே அழைத்தார்.

"முறுக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். சட்டிய இறக்கிட்டு, கேஸ அடைச்சிட்டு வந்தேன். இப்ப சொல்லு."